வலுவற்ற கருவி மாறிகளும் காலவழிக் காரண விளைவுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலவழிக் காரண விளைவு என்பது எதைக் குறிக்கிறது? அதை அளக்கக் கருவி மாறி ஏன் தேவைப்படுகிறது?

ஒரு மைய வங்கி இன்று வட்டி விகிதத்தை எதிர்பாராத வகையில் கால் சதவீதப் புள்ளி உயர்த்தினால், விலைவாசியும் உற்பத்தியும் அடுத்த மாதம், ஆறு மாதம் கழித்து, இரண்டு ஆண்டு கழித்து எவ்வளவு மாறும் என்ற கேள்விக்கான விடைகளின் வரிசையே காலவழிக் காரண விளைவு. அது ஒற்றை எண் அன்று. காலத் தொலைவு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வீதம் அமைந்த ஒரு பாதை. இதனை எதிர்வினைப் பாதை என்று இங்கே அழைப்போம்.

வட்டி விகிதத்தின் மீது விலைவாசியை வைத்துச் சாதாரண மீச்சிறு வர்க்க முறையில் தொடர்புப்போக்கு (ஒரு மாறி மாறும்போது இன்னொன்று சராசரியாக எவ்வளவு மாறுகிறது என்ற கணக்கு) கண்டால் இந்தப் பாதை கிடைக்காது. விலைகள் ஏறப்போகின்றன என்று கருதும்போதுதான் மைய வங்கி வட்டியை உயர்த்துகிறது. ஆகவே வட்டி உயர்வுக்குப் பின் விலை உயர்வு வருவதைத் தரவு காட்டும், வட்டியே விலையை ஏற்றியது போன்ற தோற்றம் உண்டாகும். இந்தச் சிக்கலிலிருந்து விடுபட, வட்டி விகிதத்தை அசைக்கும், ஆனால் பொருளாதாரத்தின் மற்ற அதிர்ச்சிகளோடு தொடர்பில்லாத மூன்றாவது மாறி ஒன்றைத் தேடுகிறோம். அதுவே கருவி மாறி. ஃபிலிப் ரைட் 1928இல் வெளியிட்ட நூலின் பின்னிணைப்பிலேயே இந்தக் கருத்து தெளிவாக இருக்கிறது. இன்றைய பேரியல் ஆய்வுகளில், அமெரிக்க மைய வங்கியின் கொள்கை அறிவிப்பைச் சுற்றிய முப்பது நிமிட இடைவெளியில் வட்டி விகித முன்பேரச் சந்தையில் ஏற்படும் விலை மாற்றம் இத்தகைய கருவியாகப் பரவலாகப் பயன்படுகிறது.

ஒரு கருவி 'வலுவற்றது' என்று எப்போது சொல்கிறோம்?

கருவிக்கும், அது அசைக்க வேண்டிய கொள்கை மாறிக்கும் (நம் எடுத்துக்காட்டில் வட்டி விகிதம்) உள்ள தொடர்பு மாதிரியின் இரைச்சலோடு ஒப்பிடும்போது சிறியதாக இருந்தால் அது வலுவற்றது. முப்பது நிமிடச் சந்தை மாற்றத்தையே பாருங்கள். அது மற்ற அதிர்ச்சிகளிலிருந்து தூய்மையாகப் பிரிந்து நிற்பதற்குக் காரணம் இடைவெளி குறுகியது என்பதே. அதே குறுக்கத்தால், ஒரு மாதத்தில் வட்டி விகிதம் காணும் மொத்த அசைவில் அது மிகச் சிறிய பங்கையே விளக்குகிறது. தூய்மையும் வலுவும் ஒன்றையொன்று தின்பது இத்துறையில் அடிக்கடி நேர்கிறது. நல்ல கருவி கிடைத்துவிட்டது என்று மகிழும் நேரத்திலேயே அதன் வலுவை ஐயத்தோடு பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

மாதிரி பெரிதானால் இந்தச் சிக்கல் தானாகவே தீராதா?

தீராது. ஜோஷுவா ஆங்கிரிஸ்டும் ஆலன் க்ரூகரும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்த காலாண்டைக் கருவியாக்கி, கல்வி ஊதியத்தை எவ்வளவு உயர்த்துகிறது என்று மதிப்பிட்டார்கள். மாதிரியில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் இருந்தார்கள். 1995இல் ஜான் பவுண்ட், டேவிட் ஜேகர், ரெஜினா பேக்கர் ஆகிய மூவர் உண்மையான பிறந்த காலாண்டை நீக்கிவிட்டு, கணினி எழுந்தமானமாக உருவாக்கிய காலாண்டுகளை அதன் இடத்தில் வைத்து அதே மதிப்பீட்டைச் செய்தார்கள். எந்தத் தகவலும் இல்லாத அந்தக் கருவிகளும் மூல ஆய்வை ஒத்த எண்களையும் நம்பத்தக்கவை போன்ற திட்டப் பிழைகளையும் தந்தன. வலு என்பது கருவியின் தகவலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் என்பதையும், கண்காணிப்புகளின் எண்ணிக்கை மட்டும் அதைத் தீர்மானிப்பதில்லை என்பதையும் இதைவிடத் தெளிவாகக் காட்டிய பரிசோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை.

பேரியல் காலத்தொடர்களின் நிலை இன்னும் கடினம். ஐம்பது ஆண்டுக் காலாண்டுத் தரவு என்பது இருநூறு கண்காணிப்புகள் மட்டுமே.

பக்கச்சார்பு எந்தத் திசையில் இழுக்கும்? எவ்வளவு?

பக்கச்சார்பு, அதாவது மதிப்பீடு உண்மையிலிருந்து ஒரு பக்கமாக விலகுவது, சாதாரண மீச்சிறு வர்க்க மதிப்பீட்டின் திசையில் இழுக்கும். கருவி வழி மதிப்பீடு இரு கட்டமாக நடக்கிறது: முதல் கட்டத்தில் கொள்கை மாறியின் அசைவில் கருவி விளக்கும் பகுதியைப் பிரிக்கிறோம், இரண்டாம் கட்டத்தில் அந்தப் பகுதியைக் கொண்டு விளைவை அளக்கிறோம். கருவியில் தகவலே இல்லையென்றால், முதல் கட்டத்தில் 'விளக்கப்பட்ட' பகுதி என்று நாம் பிரித்தெடுப்பது கொள்கை மாறியின் சொந்த இரைச்சலில் ஒரு துண்டாகவே இருக்கும். அந்த இரைச்சலோ, நாம் தப்பிக்க நினைத்த பிழை உறுப்போடு தொடர்புடையது. ஆகவே இரு கட்ட மதிப்பீட்டின் பரவல், எதை விட்டு ஓடி வந்தோமோ அதையே மையமாகக் கொண்டு அமைந்துவிடுகிறது.

பல கருவிகள் இருக்கும்போது, பிழைகள் சீரான பரவலும் தொடர்பின்மையும் உடையவை என்ற எளிய சூழலில், இரு கட்ட மதிப்பீட்டின் பக்கச்சார்பு சாதாரண முறையின் பக்கச்சார்பில் ஏறத்தாழ ஒன்றின் கீழ் எஃப் பங்கு. இங்கு எஃப் என்பது, கருவி விளக்கும் அசைவை இரைச்சலோடு ஒப்பிட்டு அளக்கும் முதல் கட்ட எஃப் புள்ளியளவையின் எதிர்பார்ப்பு மதிப்பு. அது பத்தாக இருந்தால் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும், இரண்டாக இருந்தால் பாதி மிஞ்சும். ஒரே கருவி, ஒரே உள்ளார்ந்த மாறி (பிழை உறுப்போடு தொடர்புடையதால் கருவி தேவைப்படும் மாறி) என்ற நிலையில் மதிப்பீட்டுக்குச் சராசரி என்பதே வரையறுக்கப்படாததால் இந்தக் கணக்கு நேரடியாகப் பொருந்தாது. அங்கே இடைநிலை அளவின் விலகலையும் நம்பிக்கை இடைவெளிகளின் நம்பகத்தன்மையையும் பற்றிப் பேசுவதே பொருள் உடையது.

காலவழி மதிப்பீட்டில் இந்தச் சிக்கலுக்கு என்ன தனித்தன்மை இருக்கிறது?

இந்தப் பக்கத்தின் மையக் கேள்வி இதுதான்; சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

ஆஸ்கார் ஜோர்டா 2005இல் முன்வைத்த லோக்கல் புரொஜெக்‌ஷன் முறையில், காலத் தொலைவு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு சமன்பாடு எழுதப்படுகிறது: இன்றிலிருந்து அத்தனை காலம் கழித்து விளைவு மாறி எடுக்கும் மதிப்பு இடப்பக்கம், இன்றைய கொள்கை மாறி வலப்பக்கம். இன்றைய கொள்கை மாறிக்குக் கருவி ஒன்றை இட்டால், ஒவ்வொரு தொலைவிலும் மதிப்பீடு இரண்டு கெழுக்களின் விகிதமாக அமைகிறது. மேலே இருப்பது, எதிர்கால விளைவு மாறியைக் கருவியின் மீது நேரடியாக வைத்துக் காணும் குறைத்த வடிவக் கெழு. கீழே இருப்பது, இன்றைய கொள்கை மாறியைக் கருவியின் மீது வைத்துக் காணும் முதல் கட்டக் கெழு. மேலே இருப்பது தொலைவுக்குத் தொலைவு மாறும். கீழே இருப்பது, மாதிரியின் இறுதியில் இழக்கப்படும் சில கண்காணிப்புகளை ஒதுக்கிவிட்டால், எல்லாத் தொலைவுக்கும் ஒன்றே.

இதிலிருந்து மூன்று செய்திகள் கிடைக்கின்றன. ஒன்று, கருவியின் வலுவின்மை பாதையின் ஏதோ ஒரு புள்ளியைத் தாக்கும் நோய் அன்று. விகிதத்தின் கீழே உள்ள பகுதி எண் பொதுவானது என்பதால் பாதை முழுவதையும் ஒரே காரணியால் பெருக்கிவிடவோ சுருக்கிவிடவோ செய்கிறது, அந்தப் பகுதி எண் தற்செயலாகக் குறி மாறினால் பாதை முழுவதும் தலைகீழாகிவிடுகிறது. படத்தில் இருபது புள்ளிகள் ஒழுங்காக வரிசையாக நிற்பதைக் கண்டு இருபது சாட்சிகள் ஒரே கதையைச் சொல்வதாக வாசகர் எண்ணிவிடக் கூடாது. அளவைப் பொறுத்தவரை அங்கே இருப்பது ஒரே சாட்சி.

இரண்டாவது, பாதையின் உயரம் ஐயத்துக்குரியதாக இருந்தாலும் அதன் வடிவத்தைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல இயலும். எட்டாம் காலாண்டு விளைவுக்கும் நான்காம் காலாண்டு விளைவுக்கும் உள்ள விகிதத்தில் முதல் கட்டக் கெழு அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது இரண்டு குறைத்த வடிவக் கெழுக்களின் விகிதம். விளைவு பூச்சியமா இல்லையா என்ற கேள்விக்கும் குறைத்த வடிவமே போதும். குறைத்த வடிவக் கெழுக்கள் இரைச்சலைத் தாண்டித் தெரியும் அளவுக்குத் துல்லியமாக இருந்தால்தான் இந்த ஆறுதல் பயன் தரும்.

மூன்றாவது, சாதாரண முறையின் பக்கச்சார்பு ஒவ்வொரு தொலைவிலும் வேறுபடுகிறது. வட்டி விகித எடுத்துக்காட்டில் அது குறுகிய தொலைவுகளில் பெரிதாகவும் நீண்ட தொலைவுகளில் சிறிதாகவும் இருக்கலாம். வலுவற்ற கருவி தரும் பாதை அந்தப் பாதையின் பக்கம் இழுக்கப்படுவதால், 'வட்டி உயர்ந்தவுடன் முதலில் விலை ஏறி, பிறகு இறங்குகிறது' என்பது போன்ற முடிவை பொருளாதார நிகழ்வாக விளக்கத் தொடங்குவதற்கு முன், அது கருவியின் வலுவின்மை விட்டுச்சென்ற எச்சமா என்று கேட்டுவிடுவது நல்லது.

முதல் கட்டம் எல்லாத் தொலைவுக்கும் எப்போதும் ஒன்றேதானா?

எப்போதும் அன்று. அரசுச் செலவின் பெருக்கியை, அதாவது ஓர் அலகு கூடுதல் செலவு உற்பத்தியை எவ்வளவு கூட்டுகிறது என்பதை, மதிப்பிடும்போது, ஒரு தொலைவு வரையிலான உற்பத்தி மாற்றங்களின் கூட்டுத்தொகையை அதே தொலைவு வரையிலான செலவு மாற்றங்களின் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுவது வழக்கம். அப்போது உள்ளார்ந்த மாறியே தொலைவுக்குத் தொலைவு மாறுகிறது. முதல் கட்டமும் அதனுடன் மாறுகிறது. வலேரி ரேமியும் சாரா ஸுபைரியும் 2018இல் அமெரிக்காவின் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலாண்டுத் தரவைக் கொண்டு செய்த ஆய்வில் இது நன்றாகத் தெரிகிறது. இராணுவச் செலவு பற்றிய செய்தி என்ற கருவி, செய்தி வந்து சில காலம் கழித்தே செலவு நடப்பதால், குறுகிய தொலைவுகளில் வலுவற்றும் பிந்தைய தொலைவுகளில் வலுப்பெற்றும் இருக்கிறது. நடப்புச் செலவின் எதிர்பாராத பகுதியையே அதிர்ச்சியாகக் கொள்ளும் மற்றக் கருவி இதற்கு மாறாகத் தொடக்கத்தில் மிக வலுவாக இருக்கிறது. ஆகவே இத்தகைய ஆய்வில் ஒற்றை எஃப் எண்ணைத் தந்துவிட்டு நகர்வது போதாது. தொலைவு வாரியாக அதை வரைந்து காட்ட வேண்டும்.

எஃப் புள்ளியளவை பத்தைத் தாண்டினால் போதும் என்கிறார்களே?

டக்ளஸ் ஸ்டெய்கரும் ஜேம்ஸ் ஸ்டாக்கும் 1997இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய கட்டைவிரல் விதி அது. அதற்குப் பின் ஸ்டாக்கும் மோட்டோஹிரோ யோகோவும் 2005இல் நுணுக்கமான வரம்பு மதிப்புகளைக் கணித்தார்கள். ஒரு கருவி, ஓர் உள்ளார்ந்த மாறி என்ற நிலையில், பெயரளவில் 5 சதவீதமான சோதனை உண்மையில் 10 சதவீதத்துக்கு மேல் தவறாக நிராகரிக்காமல் இருக்க அவர்களது வரம்பு 16.38. ஆனால் இவை எல்லாம் பிழைகள் சீரானவை, தொடர்பற்றவை என்ற அனுமானத்தில் எழுந்தவை. லோக்கல் புரொஜெக்‌ஷன் சமன்பாட்டின் பிழை உறுப்பு, இன்றைக்கும் இலக்குத் தொலைவுக்கும் இடைப்பட்ட அதிர்ச்சிகள் அனைத்தையும் சுமப்பதால், அடுத்தடுத்த காலங்களில் ஒன்றோடொன்று தொடர்புடையது. எனவே இந்த வரம்புகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

இதற்கு ஏற்றது, ஹோசே லூயிஸ் மொந்தியேல் ஒலேயாவும் கரோலின் ஃப்ளூகரும் 2013இல் தந்த 'பயனுறு எஃப்' அளவு. ஒரே கருவி இருக்கும்போது இது, பிழைகளின் தொடர்பையும் சீரின்மையையும் கணக்கில் கொண்ட வழக்கமான எஃப் அளவோடு ஒன்றிவிடும். பக்கச்சார்பு மிக மோசமான நிலையின் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றால், 5 சதவீதச் சோதனை மட்டத்தில் இதன் வரம்பு ஏறத்தாழ 23.1. இன்னும் கடுமையாக, வழக்கமான 1.96 என்ற டி வரம்பு எந்த நிலையிலும் உண்மையான 5 சதவீதச் சோதனையாக இருக்க எஃப் 104.7ஐத் தாண்ட வேண்டும் என்று லீ, மெக்ரேரி, மொரெய்ரா, போர்ட்டர் ஆகியோரின் 2022ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டியது. அந்த எண் மிக மோசமான உள்ளார்ந்த தன்மையைக் கருதியது; பல நடைமுறைச் சூழல்கள் அவ்வளவு மோசமாக இருப்பதில்லை என்பதும் உண்மை.

எண்கள் இப்படிப் பல இருக்கும்போது, வாயிற்காவலன் போல ஒரு வரம்பை நிறுத்தி, தாண்டினால் அனுமதி, தாண்டாவிட்டால் மறுப்பு என்று நடந்துகொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. முதல் கட்டம் தற்செயலாக வலுவாகத் தெரிந்த மாதிரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிடுவதே புதிய பக்கச்சார்பை உண்டாக்கும். வலு எவ்வளவாக இருந்தாலும் சரியாக இருக்கும் சோதனையைப் பயன்படுத்துவது நேர்மையான வழி.

அப்படிப்பட்ட சோதனை இருக்கிறதா?

1949ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. ஆண்டர்சன், ரூபின் இருவரின் சோதனையின் தருக்கம் எளிது. குறித்த தொலைவில் விளைவு இன்ன மதிப்பு என்று ஒரு கருதுகோளை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்கால விளைவு மாறியிலிருந்து அந்த மதிப்பால் பெருக்கப்பட்ட இன்றைய கொள்கை மாறியைக் கழியுங்கள். கருதுகோள் உண்மையென்றால் மிஞ்சியதற்கும் கருவிக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. இருக்கிறதா என்று சோதியுங்கள். நிராகரிக்கப்படாத மதிப்புகள் அனைத்தையும் சேர்த்தால் நம்பிக்கைக் கணம் கிடைக்கும். இந்த வழியில் எங்கும் வகுத்தல் இல்லை. ஆகவே பகுதி எண் சிறியதாக இருப்பதால் வரும் தொல்லையும் இல்லை.

கணக்குக்காகச் சில எண்களை வைத்துப் பார்ப்போம். குறைத்த வடிவக் கெழு 0.3, முதல் கட்டக் கெழு 0.2, இரண்டின் திட்டப் பிழையும் 0.1, இரண்டுக்கும் இடையே தொடர்பில்லை என்று கொள்வோம். முதல் கட்ட எஃப் 4. மதிப்பீடு 1.5. வழக்கமான தோராய முறையில் 95 சதவீத இடைவெளி சுமார் −0.27 முதல் 3.27 வரை. ஆண்டர்சன்–ரூபின் இடைவெளியோ சுமார் 0.43 முதல் 75 வரை. வழக்கமான இடைவெளி இரண்டு பக்கமும் தவறு செய்கிறது: குறைத்த வடிவம் பூச்சியத்தைத் தெளிவாக மறுக்கும் இடத்தில் பூச்சியத்தை உள்ளே சேர்க்கிறது, மேல்பக்கத்திலோ தரவு விலக்காத பெரிய மதிப்புகளைக் காரணமின்றி வெட்டிவிடுகிறது. இப்போது இரண்டு கெழுக்களையும் இரட்டிப்பாக்கி, திட்டப் பிழைகளை அப்படியே விட்டால், மதிப்பீடு அதே 1.5, எஃப் 16. வழக்கமான இடைவெளி 0.62 முதல் 2.38, ஆண்டர்சன்–ரூபின் இடைவெளி 0.86 முதல் 3.09. இரண்டும் நெருங்கிவிட்டன, ஆயினும் ஒன்றாகிவிடவில்லை. கருவி மேலும் வலுவானால் இரண்டும் ஒன்றுபடும். ஆகவே ஒரே கருவி உள்ள நிலையில் இந்தச் சோதனையைப் பயன்படுத்துவதால் இழப்பு எதுவும் இல்லை.

முந்தைய கால மதிப்புகளைக் கட்டுப்பாடாகச் சேர்த்தால் கருவி வலுப்பெறுமா?

பெறலாம். அவை கொள்கை மாறியின் முன்கணிக்கத்தக்க பகுதியை நீக்குவதால் இரைச்சல் குறைகிறது. ஆனால் அவற்றைச் சேர்ப்பதற்கு இதைவிட அடிப்படையான காரணம் ஒன்று உண்டு. காலவழி மதிப்பீட்டில் கருவி, நடப்புக் காலத்தின் மற்ற அதிர்ச்சிகளோடு மட்டுமன்றி முந்தைய, பிந்தைய காலங்களின் அதிர்ச்சிகளோடும் தொடர்பற்றதாக இருக்க வேண்டும். ஸ்டாக்கும் மார்க் வாட்சனும் 2018இல் இதை வலியுறுத்தினார்கள். பிந்தைய அதிர்ச்சிகளைப் பற்றிய பகுதி பெரும்பாலும் தானாக நிறைவேறும். முந்தையவற்றைப் பற்றியதுதான் எளிதில் முறிகிறது. மார்க் கெர்ட்லரும் பீட்டர் கராடியும் 2015ஆம் ஆண்டு ஆய்வில் அறிவிப்பு நாள் அதிர்ச்சிகளை மாத அளவுக்கு மாற்றிய சராசரி முறை, அந்தக் கருவியில் மாதத்துக்கு மாதம் தொடர்பை உண்டாக்கிவிட்டதை ரேமி சுட்டிக்காட்டினார். இத்தகைய தொடர்பு கருவியைப் பழைய அதிர்ச்சிகளின் சுமையோடு வரச் செய்கிறது. கட்டுப்பாடுகள் சேர்ந்த பின் எஃப் குறைந்தால், முன்பு தெரிந்த வலுவில் ஒரு பகுதி நம்முடையது அன்று என்று பொருள்.

லோக்கல் புரொஜெக்‌ஷனுக்குப் பதிலாக வி.ஏ.ஆர். மாதிரியைப் பயன்படுத்தினால் தப்பிக்கலாமா?

முடியாது. பல மாறிகளை அவற்றின் கடந்த கால மதிப்புகளைக் கொண்டு ஒருசேர விளக்கும் அந்த மாதிரியிலும் எதிர்வினைப் பாதையின் அளவு, கருவிக்கும் கொள்கை மாறியின் எச்சத்துக்கும் உள்ள தொடர்பால் வகுத்தே நிர்ணயிக்கப்படுகிறது. அமைப்பின் கட்டுப்பாடுகளால் பாதை வழவழப்பாகத் தெரியும், இடைவெளிகளும் குறுகும். அதற்கு விலையாக, மாதிரியில் உள்ள மாறிகளின் நடப்பு, கடந்த கால மதிப்புகளைக் கொண்டே அதிர்ச்சிகளை மீட்டெடுக்க இயலும் என்ற கூடுதல் அனுமானத்தை ஏற்க வேண்டும். வழவழப்பு வலுவுக்குச் சான்றாகாது. வி.ஏ.ஆர். மாதிரிகளுக்கேற்ற ஆண்டர்சன்–ரூபின் வகை நம்பிக்கைக் கணங்களை மொந்தியேல் ஒலேயா, ஸ்டாக், வாட்சன் மூவரும் 2021இல் தந்திருக்கிறார்கள்.

கருவிகளின் எண்ணிக்கையைக் கூட்டலாமா?

ஒவ்வொன்றும் வலுவற்றதாக இருந்தால் கூட்டுவது நிலைமையை மோசமாக்கும். பல நபர்களையோ நிறுவனங்களையோ பல காலங்களில் தொடர்ந்து கண்காணிக்கும் பேனல் தரவு மாதிரிகளில் இது கண்கூடு. விளைவு மாறியின் கடந்த கால மதிப்பே வலப்பக்கத்தில் இருக்கும்போது, அரெல்லானோ–பாண்ட் முறை பழைய மட்டங்களைக் கருவிகளாக்கி வேறுபாட்டுச் சமன்பாட்டை மதிப்பிடுகிறது. தொடர் மிகவும் நிலைத்தன்மை உடையதாக, அதாவது தன்தொடர்புக் கெழு ஒன்றை நெருங்கியதாக இருந்தால், பழைய மட்டங்கள் அடுத்த மாற்றத்தைப் பற்றி ஏறக்குறைய எதுவும் சொல்வதில்லை. காலங்கள் கூடக் கூடக் கருவிகளின் எண்ணிக்கை வேகமாகப் பெருகி, மதிப்பீடு தப்பிக்க நினைத்த பக்கச்சார்பையே மீண்டும் சென்றடைகிறது.

நம்பிக்கை இடைவெளி எல்லையற்றதாக வந்தால் ஆய்வைக் கைவிட வேண்டுமா?

ஒரே கருவி உள்ள நிலையில், முதல் கட்ட எஃப் 3.84ஐத் தாண்டாவிட்டால் 95 சதவீத ஆண்டர்சன்–ரூபின் கணம் எல்லையற்றதாகிவிடும். சில வேளைகளில் எண்கோடு முழுவதுமாகவும், சில வேளைகளில் நடுவில் ஒரு பகுதி மட்டும் நீங்கிய இரு கதிர்களாகவும் இருக்கும். பகுதி எண் பொதுவானது என்பதால், இது நேர்ந்தால் ஏறத்தாழ எல்லாத் தொலைவிலும் ஒருசேர நேரும். மென்பொருள் பழுதோ என்று பலர் திகைத்து, வழக்கமான இடைவெளிக்குத் திரும்பிவிடுகிறார்கள். அது பழுது அன்று. அடையாளம் காண இயலாமை எவ்வளவு நெருக்கமாகவும் வரக்கூடிய சூழலில், சரியான நம்பிக்கைக் கணம் எதுவாயினும் அது எல்லையற்றதாகும் வாய்ப்பைக் கொண்டிருந்தே ஆக வேண்டும் என்று ழான்-மாரி தூஃபூர் 1997இல் நிறுவினார். எப்போதும் எல்லைக்குள் நிற்கும் இடைவெளி, அந்தச் சூழலில், சொன்ன 95 சதவீதத்தைக் காப்பாற்ற முடியாது.

அத்தகைய முடிவு வந்தபின்னும் வெளியிடத்தக்கவை சில எஞ்சியிருக்கும். குறைத்த வடிவக் கெழுக்களைத் தொலைவு வாரியாக அவற்றின் இடைவெளிகளோடு வரைந்து, எந்தத் தொலைவுகளில் பூச்சியம் மறுக்கப்படுகிறது என்று காட்டலாம். கணம் இரு கதிர்களாக இருந்தால், நடுவில் நீங்கிய மதிப்புகள் எவை என்று சொல்லலாம்; 'விளைவு மிகச் சிறியது' என்ற கருத்தை அது விலக்குகிறதா என்பது பல விவாதங்களில் பயனுள்ள செய்தி. கொள்கை மாறியின் ஓர் அலகுக்கு விளைவு எவ்வளவு என்ற எண்ணை மட்டும் அந்தத் தரவிலிருந்து தர இயலாது. அதற்கு நீண்ட காலத்தொடரோ வேறொரு கருவியோ வேண்டும்.